பள்ளியில் 92, கல்லூரி இயற்கணிதத்தில் அரியர்: எனக்குக் கணிதம் வராதா?

பன்னிரண்டாம் வகுப்புக் கணிதத்தில் 92 எடுத்ததாகவும், பி.எஸ்சி. கணிதம் முதல் பருவத்தில் இயற்கணிதத் தாளில் அரியர் விழுந்துவிட்டதாகவும் எழுதி, ‘எனக்குக் கணிதமே வராதோ’ என்று கேட்டிருக்கிறீர்கள். ஏறக்குறைய என் கதைதான். நான் படித்த காலத்தில் பன்னிரண்டாம் வகுப்பில் பாடத்துக்கு 200 மதிப்பெண்; எனக்கு 187. ஊரில் ‘கணக்குப் பையன்’ என்றே பெயர். அந்தப் பெயரோடு கல்லூரிக்குப் போனவன், இயற்கணிதத்தின் முதல் உள்மதிப்பீட்டுத் தேர்வில் 25க்கு 9 வாங்கி, விடைத்தாளை நாலாக மடித்துச் சட்டைப்பையில் திணித்துக்கொண்டு பஸ் ஏறினேன்.

மொழிச் சிக்கலை முதலில் சொல்லிவிடுகிறேன். நீங்களும் தமிழ் வழியில் படித்தவர் என்றால், பாதி பயம் வெறும் பெயர்களால் வருவது. டிடர்மினன்ட் என்றால் நம் அணிக்கோவை, ரேங்க் என்றால் அணியின் தரம், சிங்குலர் மேட்ரிக்ஸ் என்றால் பூஜ்ஜியக் கோவை அணி. ‘ஐகன் வேல்யூ’ என்ற சொல்லில் வரும் ஐகன் யாரோ ஒரு விஞ்ஞானி என்று ஒரு மாதம் நம்பிக்கொண்டிருந்தேன்; அது ‘சொந்த’ என்று பொருள்படும் ஜெர்மன் சொல். நோட்டின் கடைசிப் பக்கத்தில் இரண்டு பத்தியாக எழுதி வைத்துக்கொண்டால் மூன்று வாரத்தில் தீரும் தொல்லை இது. என்னைக் கவிழ்த்தது இது இல்லை.

கவிழ்த்தது கேலி-ஹாமில்டன் தேற்றம். ஒவ்வொரு சதுர அணியும், அதாவது வரிசையும் நிரலும் சம எண்ணிக்கையில் உள்ள எண்கட்டமும், தன் சிறப்பியல்புச் சமன்பாட்டைத் தானே நிறைவு செய்யும் என்பது அதன் கூற்று. ‘நிறுவுக’ என்று பத்து மதிப்பெண்ணுக்குக் கேட்டிருந்தார்கள். ஏ என்ற அணியிலிருந்து அலகு அணியின் (மூலைவிட்டத்தில் 1, மற்ற இடங்களில் 0) லாம்டா மடங்கைக் கழித்து (லாம்டா என்பது நாம் தேடும் எண்), அதன் அணிக்கோவையைப் பூஜ்ஜியத்துக்குச் சமன் செய்வதுதானே சிறப்பியல்புச் சமன்பாடு? நான் லாம்டா இருந்த இடத்தில் ஏ-யைப் போட்டேன். ஏ-யிலிருந்து ஏ-யைக் கழித்தால் பூஜ்ஜியம், அதன் அணிக்கோவையும் பூஜ்ஜியம், நிறுவப்பட்டது. மூன்றே வரி. பத்து மதிப்பெண் கேள்வி மூன்று வரியில் முடிந்தால் சந்தேகம் வர வேண்டும். எனக்குப் பெருமைதான் வந்தது.

விடைத்தாளில் அந்த மூன்று வரியைச் சுற்றிச் சிவப்பு மையில் ஒரு வட்டம். பக்கத்தில் இரண்டு சொல்: ‘எது பூஜ்ஜியம்?’

மதிப்பெண் கேட்டுச் சண்டை போடலாம் என்றுதான் பேராசிரியர் அறைக்குப் போனேன். அவர் என்னைத் திட்டவில்லை. ஒரு தாளை நீட்டி, முதல் வரியில் 1, 2, இரண்டாம் வரியில் 3, 4 என்று எழுதி, “இதற்குச் செய்துகாட்டுங்கள் தம்பி” என்றார். சிறப்பியல்புச் சமன்பாடு எளிதாக வந்தது: லாம்டா வர்க்கம், கழித்தல் 5 லாம்டா, கழித்தல் 2, சமம் பூஜ்ஜியம். அணியின் வர்க்கம் 7, 10, 15, 22. அதிலிருந்து அணியின் ஐந்து மடங்கைக் கழித்தேன்: 2, 0, 0, 2. அடுத்து 2 என்ற எண்ணைக் கழிக்க வேண்டும். பேனா நின்றுவிட்டது. நான்கு எண்கள் உட்கார்ந்திருக்கும் கட்டத்திலிருந்து ஓர் எண்ணை எப்படிக் கழிப்பது? அங்கே கழிக்க வேண்டியது 2 அல்ல, அலகு அணியின் இரண்டு மடங்கு. கழித்தால் வருவதும் பூஜ்ஜியம் என்ற எண் அல்ல, நான்கு இடத்திலும் பூஜ்ஜியம் நிற்கும் அணி. என் மூன்று வரியில் வந்ததோ ஓர் எண். நான் வேறு எதையோ நிறுவியிருந்தேன். சரியாகச் சொன்னால், எதையுமே நிறுவவில்லை.

பள்ளியில் எனக்கு இந்தக் கேள்வி எழுந்ததே இல்லை. ‘தீர்க்க’ என்பார்கள், தீர்ப்பேன். குறியீடுகளை இடம் மாற்றுவதில் கை வேகமாக இருந்தது, அவ்வளவுதான். அந்தக் குறியீடு எண்ணா, அணியா, பல்லுறுப்புக் கோவையா என்று நின்று பார்க்கும் பழக்கம் கிடையாது. கல்லூரித் தாள் கேட்பது பெரும்பாலும் அதைத்தான். உங்கள் 92 பொய் இல்லை. அது வேறு திறமைக்குக் கிடைத்தது.

ஆறுதலுக்காக ஒரு செய்தி. 1858இல் இந்தத் தேற்றத்தை வெளியிட்டபோது ஆர்தர் கேலி லண்டனில் வழக்கறிஞராகத் தொழில் செய்துகொண்டிருந்தார். இரண்டுக்கு இரண்டு அணிக்குச் செய்துகாட்டினார், மூன்றுக்கு மூன்றுக்கும் சரிபார்த்துவிட்டேன் என்றார், பொது நிறுவலுக்கு மெனக்கெட வேண்டியதில்லை என்று விட்டுவிட்டார். எல்லா அளவுக்குமான நிறுவலை ஜெர்மன் கணிதவியலாளர் ஃபுரொபீனியஸ் தந்தது 1878இல். கேலி தாண்டிப்போன வேலைக்குத்தான் நம்மிடம் பத்து மதிப்பெண் கேட்கிறார்கள்!

உங்களுக்கு என்னைவிட ஒரு வசதி உண்டு. 2019இல் வந்த பன்னிரண்டாம் வகுப்புப் புத்தகத்திலேயே சமன்பாட்டியல் இருக்கிறது. தலைகீழ்ச் சமன்பாடும், கெழுக்களின் குறி மாற்றங்களை எண்ணி மூலங்களைக் கணிக்கும் குறி விதியும் உங்களுக்குப் புதிதல்ல. 6, −35, 62, −35, 6 என்று கெழுக்கள் இரு பக்கமிருந்தும் ஒன்றுபோல் இருக்கும் நான்காம் படித் தலைகீழ்ச் சமன்பாட்டைக் கொடுத்தால், 2, 1/2, 3, 1/3 என்று மூலங்களைக் கண்டுபிடித்துவிடுவீர்கள். அதோடு பேனாவை வைத்துவிடாதீர்கள். ஒரு மூலம் 2 என்றால் 1/2 ஏன் கட்டாயம் வர வேண்டும்? இதே ஒழுங்கு ஐந்தாம் படிச் சமன்பாட்டில் இருந்தால் −1 ஏன் எப்போதும் ஒரு மூலமாகிறது? இரண்டுக்கும் கணக்கே போடாமல் நான்கு வாக்கியத்தில் பதில் எழுத முடியும். அந்த நான்கு வாக்கியம் வரும்வரை எழுதுங்கள். ஒரு மாலையில் இருபது கணக்குப் போடுவதைவிட இது அதிகம் களைப்பூட்டும். முதல் பத்து நாள் எரிச்சலாகவும் இருக்கும்.

தீர்த்துவைத்த வினாவிடைத் தொகுப்புகளை இந்தத் தாளுக்கு மட்டும் தொடாதீர்கள் என்பேன். அரியர் நெருக்கடியில் கை தானாக அங்கேதான் போகும் என்பது எனக்கும் தெரியும். நானும் வாங்கினேன், அந்த மூன்று வரி ‘நிறுவல்’ எனக்குக் கிடைத்ததே அப்படி ஒன்றில்தான்.

இன்றிரவே ஒன்று செய்து பாருங்கள். மெய்யெண் கெழுக்கள் கொண்ட பல்லுறுப்புக் கோவைச் சமன்பாட்டில் கலப்பெண் மூலங்கள் 2+3i, 2−3i போல இணை இணையாக வரும் என்று படித்திருப்பீர்கள். புத்தகத்தை மூடிவிட்டு அதன் நிறுவலை எழுதுங்கள். ‘மெய்யெண் கெழுக்கள்’ என்ற நிபந்தனை எந்த வரியில் பயன்படுகிறதோ அந்த வரிக்கு அடிக்கோடு போடுங்கள். அடிக்கோடு போட இடம் கிடைக்கவில்லை என்றால், எழுதியதை அப்படியே கீழே பின்னூட்டத்தில் போடுங்கள், பார்த்துச் சொல்கிறேன்.