எனக்குக் கீழ் பணிபுரியும் பெண்ணிடம் காதலைச் சொல்லலாமா?

உங்கள் குழுவில் இரண்டு ஆண்டுகளாகப் பணிபுரியும் பெண்ணை விரும்புவதாகவும், அவருக்கும் விருப்பம் இருப்பதற்கான அறிகுறிகள் தென்படுவதாகவும் எழுதி, சொல்லலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். அவருடைய அப்ரைசல் (ஆண்டுப் பணி மதிப்பீட்டு) தாளில் கையெழுத்திடும் இடத்தில் நீங்கள் இருக்கும்வரை சொல்லாதீர்கள். அந்த இடத்தைவிட்டு முதலில் விலகுங்கள், சில வாரங்கள் போகட்டும், பிறகு சொல்லுங்கள். இந்த வரிசையை மாற்றிச் செய்யக் கூடாது என்று நான் பிடிவாதமாகச் சொல்வதற்கு என் சொந்த அனுபவமே காரணம்.

2016ஆம் ஆண்டு சென்னை சோழிங்கநல்லூர்ப் பக்கம் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் ஏழு பேர் கொண்ட குழுவுக்கு லீடாக, அதாவது குழுத் தலைவராக, இருந்தேன். அந்த ஏழு பேரில் ஒருவரை எனக்குப் பிடித்துப் போயிற்று. அதை நான் யாரிடமும் சொல்லவில்லை, அவரிடமும் சொல்லவில்லை. மனத்துக்குள் இருப்பதால் யாருக்கும் நட்டமில்லை என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். ஏப்ரலில் அப்ரைசல் வந்தது. எங்கள் நிறுவனத்தில் ஐந்து புள்ளி அளவு, அதற்கு மேல் உயர்ந்த மதிப்பெண்ணைச் சிலருக்கு மட்டுமே தர வேண்டும் என்கிற பெல் கர்வ் முறை வேறு. ஏழு பேரில் ஒருவருக்கோ இருவருக்கோதான் நான்கோ அதற்கு மேலோ கொடுக்க முடியும். அந்த ஆண்டு மிகக் கடினமான மென்பொருள் ரிலீஸைத் தூக்கி நிறுத்தியவர் அவர்தான் என்பது குழுவில் எல்லாருக்கும் தெரியும். எக்செல் தாளில் அவர் பெயருக்கு எதிரே நான்கு என்று அடித்துவிட்டு, நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்து, பிறகு அழித்து மூன்று என்று போட்டேன். 'வேண்டியவளுக்குப் போட்டுக் கொடுத்துவிட்டான்' என்று நாளை ஒருவரும் சொல்லிவிடக் கூடாதே என்ற பயம்தான் காரணம். மடியில் கனம் இருந்தால் வழியில் பயம் என்பது சரிதான். ஆனால் என் மடியில் இருந்த கனத்துக்கு வழிச்செலவைக் கொடுத்தவர் அவர்.

சலுகை காட்டுவதை மட்டும்தான் இந்த விஷயத்தில் எல்லாரும் ஆபத்தாகக் கருதுகிறார்கள். சலுகை காட்டிவிடவில்லை என்று நிரூபிப்பதற்காகச் செய்யும் அநியாயத்தை யாரும் கணக்கில் எடுப்பதில்லை. ஒரு மனிதரை விரும்பத் தொடங்கிய பிறகு அவருடைய வேலையை நடுநிலையாக அளக்க முடியும் என்று நம்புகிறவர்கள் தங்களை ஒருமுறை சோதித்துப் பார்த்துக்கொள்வது நல்லது. எனக்கு முடியவில்லை.

சட்டத்தைப் பற்றியும் நீங்கள் கேட்டிருப்பதால் சுருக்கமாகச் சொல்கிறேன். வயதுவந்த இருவர் விரும்பிப் பழகுவதை இந்தியச் சட்டம் தடுக்கவில்லை. ஆனால் 1997இல் உச்ச நீதிமன்றம் பணியிடப் பாலியல் துன்புறுத்தல் பற்றிய விசாகா வழக்கில் வகுத்த நெறிமுறைகளின் தொடர்ச்சியாக வந்த 2013ஆம் ஆண்டுச் சட்டம், பணியிடத்தில் ஒரு பெண் விரும்பாத பாலியல் தன்மையுள்ள அணுகுமுறையைப் பாலியல் துன்புறுத்தல் என்கிறது; அத்துடன் வேலையில் சலுகை தருவதாக வெளிப்படையாகவோ மறைமுகமாகவோ உணர்த்துவதையும், பாதிப்பு வரும் என்று மிரட்டுவதையும் சேர்த்தே பார்க்கிறது. பத்து பேரோ அதற்கு மேலோ பணிபுரியும் இடத்தில் பெண் ஒருவர் தலைமையில், இத்தகைய புகார்களை விசாரிக்கும் உள்ளகக் குழு இருக்க வேண்டும், புகாரை மூன்று மாதத்துக்குள் எழுத்தில் தர வேண்டும், விசாரணையைத் தொண்ணூறு நாளில் முடிக்க வேண்டும் என்பவை அதன் விதிகள். அவர் விரும்புகிறாரா இல்லையா என்பதில் உங்கள் ஊகம் தவறிவிட்டால், நீங்கள் காதல் என்று எண்ணிச் சொன்ன சொல் அவருக்கு மேலதிகாரியின் நிர்ப்பந்தமாகவே போய்ச் சேரும்.

நிறுவன விதிகள் சட்டத்தைவிடக் கடுமையாக இருப்பதும் உண்டு. கீழே இருப்பவரோடு உறவு ஏற்பட்டால் ஹெச்.ஆரிடம் தெரிவித்தே ஆக வேண்டும் என்று பல நிறுவனங்களில் எழுதி வைத்திருக்கிறார்கள், வேலையில் சேர்ந்த அன்று நாம் படிக்காமல் கையெழுத்துப் போடும் தாள்களில் அதுவும் ஒன்று. 2018இல் இன்டெல் நிறுவனத்தின் பிரையன் கர்சானிச், ஊழியர் ஒருவருடன் இருதரப்புச் சம்மதத்தோடு இருந்த பழைய உறவுக்காகத் தலைமைப் பதவியிலிருந்து விலக வேண்டியிருந்தது. 2025 செப்டம்பரில் நெஸ்லே தன் தலைமைச் செயல் அதிகாரியை, நேரடியாகத் தமக்குக் கீழ் இருந்தவருடனான உறவை மறைத்ததற்காக நீக்கியது. அவ்வளவு உயரத்தில் இருப்பவர்களுக்கே அந்த நிலை என்றால் நம்மைப் போன்ற லீடுகளுக்கு யார் பரிந்து பேசப் போகிறார்கள்?

விலகுவது என்றால் நீங்கள் விலக வேண்டும், அவரை வேறு குழுவுக்குத் தள்ளிவிடக் கூடாது. நடைமுறையில் பெரும்பாலும் இளையவரைத்தான் மாற்றுகிறார்கள். அவர் கற்றுவைத்த வேலையும், ஆன்சைட் (வெளிநாட்டு வாடிக்கையாளரிடம் சென்று பணிபுரியும்) வாய்ப்பும், மேலே போவதற்கான முறையும் அதோடு போய்விடும். மாறிப் போக வேறு குழுவே இல்லாத சிறிய அலுவலகம் என்றால் வேறு வேலை தேடுங்கள், அல்லது வாய் திறக்காமல் இருந்துவிடுங்கள்.

நான் என் மேலாளரிடம் காரணத்தை மறைக்காமல் சொல்லித்தான் மாற்றம் கேட்டேன். அவர் அதிகம் பேசாமல் ஜூலையில் வேறு பிராஜெக்டுக்கு அனுப்பிவைத்தார். அந்த மூன்றை நான்காக மாற்ற முடியுமா என்றும் கேட்டேன். ரேட்டிங் முடிந்து பூட்டியாகிவிட்டது என்றார். அந்த ஆண்டின் இன்கிரிமென்டில் அந்தப் பெண்ணுக்குக் குறைந்த தொகையை இன்றும் என் கடனாகவே நினைக்கிறேன்.

ஆகஸ்டில் ஒரு மாலை, அலுவலகத்துக்கு எதிரே இருந்த டீக்கடையில் அவரிடம் சொன்னேன். அவர் கண்ணாடி டம்ளரைப் பலகையில் வைத்துவிட்டு, தமக்கு அப்படி ஓர் எண்ணம் எப்போதும் இருந்ததில்லை என்று நேராகவே சொன்னார். இரவு பதினொன்றுக்குக்கூட உடனே பதில் அனுப்பியதையும், என் அசட்டு நகைச்சுவைக்கெல்லாம் சிரித்ததையும், ரிலீஸ் இரவுகளில் கூடவே இருந்ததையும் அறிகுறிகளாக நான் சேர்த்துவைத்திருந்தேன் அல்லவா, அதைப் பற்றித் தயங்கித் தயங்கிக் கேட்டபோது, "நீங்க லீடா இருந்தீங்க, வேற என்ன பண்ணியிருப்பேன்?" என்றார். கோபமில்லாமல்தான் கேட்டார். இரண்டு மாதம் முன்பு கேட்டிருந்தால் அந்த வாக்கியம் என் காதுக்கு வந்திருக்காது, நானும் அவருடைய மௌனத்தைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டிருப்பேன். டீக்கு அன்று அவரே காசு கொடுத்தார். மறுநாள் காலை லிஃப்டில் பார்த்தபோது வழக்கம்போலப் பேசிக்கொண்டே ஐந்தாவது மாடியில் இறங்கிப் போனார்.