யார் கொண்டுவந்தது?

கேள்வி: எங்கள் வங்கிக் கிளையில் மகளிர் தினத்தன்று என்னைப் பேசச் சொன்னார்கள். "நான் பெண்ணியவாதி இல்லை" என்று தொடங்கினேன். பலத்த கைதட்டல். ஓட்டு, படிப்பு, வேலை, சொத்தில் பங்கு எல்லாம்தான் வந்துவிட்டதே, இனி எதற்கு அந்தப் பட்டம்? நீங்கள் உங்களைப் பெண்ணியவாதி என்று சொல்லிக்கொள்வீர்களா?
- ஒரு வாசகி, கும்பகோணம்

பதில்: கடைசிக் கேள்விக்குக் கடைசியில் வருகிறேன். என்னைப் பிடித்து நிறுத்தியது உங்கள் ‘வந்துவிட்டதே’. மழை வரும், கரண்ட் வரும், ஆறேகால் பஸ் வரும். உரிமை அப்படி வராது, அம்மா.

பள்ளிக்கூடத்தில் தன்வினை, பிறவினை படித்திருப்பீர்கள். உருண்டான், உருட்டினான். திருந்தினான், திருத்தினான். வீட்டு வேலையைப் பற்றிப் பேசும்போது மட்டும் நம் எல்லோர் வாயும் தன்வினைக்கு ஓடிவிடுகிறது. கவனித்துப் பாருங்கள். எழுந்ததும் "காபி ஆச்சா?" என்கிறோம். "இட்லி வெந்துடுச்சா?", "துணி காய்ஞ்சிடுச்சா?", "பிள்ளைங்க கிளம்பியாச்சா?" காபி தானே ஆகிறது, இட்லி தானே வேகிறது, துணி தானே கொடியில் ஏறிக் காய்கிறது. முந்தின நாள் மத்தியானமே உளுந்து ஊறப்போட்டு, சாயங்காலம் அரைத்து, ராத்திரி மாவு பொங்கி வழியாமல் பெரிய பாத்திரத்துக்கு மாற்றி வைத்தவள் அந்த வாக்கியத்தில் எங்குமே இல்லை. அதே வீட்டில் "அப்பா கரண்ட் பில் கட்டிட்டார்", "அண்ணன் சிலிண்டர் மாத்தினான்" என்னும்போது எழுவாய் வாசலிலேயே வந்து நிற்கிறது.

இது எனக்கு வெகுநாள் கோபம். ‘பெண்களுக்குச் சொத்துரிமை கிடைத்தது’ என்று ஒரு பேராசிரியர் எழுதி அனுப்ப, ‘கிடைத்தது’ என்பதை மாற்றித் தாருங்கள் என்று நான் கேட்க, இந்தப் பக்கத்திலேயே மூன்று இதழ்கள் சண்டை போட்டோம். பழைய வாசகர்களுக்கு நினைவிருக்கும். இன்றும் நான் இறங்கிவரத் தயாரில்லை. கிடைப்பது ரோட்டில் கிடந்த சில்லறை.

சரி, உங்கள் பட்டியலுக்கு எழுவாய் போடுவோம். ஓட்டு: 1917 டிசம்பரில், சென்னைக்கு வந்திருந்த, இந்திய விவகாரங்களுக்கான பிரிட்டிஷ் அமைச்சர் மாண்டேகுவை சரோஜினி நாயுடு தலைமையில் பெண்கள் குழு சந்தித்து ஓட்டுரிமை கேட்டது. 1921-இல் சென்னை மாகாணச் சட்டமன்றம் ஒப்புக்கொண்டது. அதுவும் சொத்துத் தகுதி உள்ள பெண்களுக்குத்தான்.

வேலை என்கிறீர்கள். உங்கள் கிளையின் சுவரில் பாலியல் தொல்லைப் புகார்க் குழு உறுப்பினர்களின் பெயரை ஒட்டியிருக்க வேண்டும். அந்தக் காகிதத்துக்கும் எழுவாய் உண்டு. பன்வாரி தேவி. ராஜஸ்தானில் பட்டேரி கிராமத்துக்காரர், அரசின் மகளிர் மேம்பாட்டுத் திட்டத்தில் கடைநிலை ஊழியர். ஒரு பச்சைக் குழந்தைக்குச் செய்யவிருந்த கல்யாணத்தைத் தடுக்கப் போனார். வேலையே அதுதான். அதற்காக 1992 செப்டம்பரில் கூட்டாகச் சேர்ந்து அவரை வன்புணர்ந்தார்கள். 1995-இல் விசாரணை நீதிமன்றம் குற்றம் சாட்டப்பட்டவர்களை அந்தக் குற்றத்திலிருந்து விடுவித்தது. அவருக்காகப் பதறிய பெண்கள் அமைப்புகள் ‘விசாகா’ என்ற பெயரில் உச்ச நீதிமன்றப் படியேறின. 1997-இல் நீதிமன்றம் வழிகாட்டு நெறிகளை வகுத்தது. 2013-இல் நாடாளுமன்றம் சட்டம் இயற்றியது. இன்று ஏதோ ஒரு ஆபீசில் ஒரு மேலாளர் தன் கையைத் தன்னிடமே வைத்துக்கொள்கிறார் என்றால், அதற்கான விலையைப் பட்டேரியில் ஒருவர் கொடுத்திருக்கிறார்.

சொத்து விஷயம் நான் கிட்டத்திலிருந்து பார்த்தது. 1929 பிப்ரவரியில் செங்கல்பட்டு சுயமரியாதை மாநாட்டில் பெண்ணுக்குச் சமமான சொத்துரிமை வேண்டும் என்று தீர்மானம் போட்டார்கள். தமிழ்நாட்டில் அதைச் சட்டமாக்க 60 வருஷம் பிடித்தது. அப்போதும் 1989 மார்ச் 25-க்கு முன் கல்யாணமான பெண்களைப் பூர்வீகச் சொத்தில் சேர்க்கவில்லை. என் தோழி வீட்டில் அக்காவுக்கு அந்த வருஷம் தை மாதம் கல்யாணம், தோழிக்கு ஆவணியில். ஒரே வயிற்றில் பிறந்தவர்கள்தான், முகூர்த்தத் தேதியை வைத்து ஒருத்திக்குப் பங்கு, ஒருத்திக்கு இல்லை.

1996-இல் அண்ணன்மார் இருவரும் தோழியைச் சார்பதிவாளர் அலுவலகத்துக்கு அழைத்துப் போனார்கள். பத்திர எழுத்தர் கடகடவென்று வாசித்தார். பெண் தன் பங்கை விட்டுக்கொடுக்கும் அந்தக் காகிதத்துக்கு விடுதலைப் பத்திரம் என்று பெயர். அவள் கட்டைவிரலை மையில் உருட்டினார்கள். ஜன்னலோரச் சுவரில் எத்தனையோ பேர் விரல் துடைத்த கறுப்புத் தடம். அவள் அங்கே துடைக்கவில்லை, தலைமுடியில் தேய்த்துக்கொண்டாள். வெளியே வந்ததும் பட்டுப்புடவைப் பையைக் கையில் கொடுத்து, ஹோட்டலில் சாப்பாடு வாங்கித் தந்தார்கள். "பிறந்த வீடுன்னு ஒண்ணு வேணுமில்ல" என்றாள் என்னிடம். சாட்சிக் கையெழுத்துப் போட்டவள் நான். அந்தக் கையெழுத்து இன்னும் உறுத்துகிறது.

எல்லாம் ஆகிவிட்டது, சொல் போகட்டும் என்பது புது வாதமில்லை. 1938-லேயே இங்கிலாந்து எழுத்தாளர் வர்ஜீனியா வுல்ஃப், சம்பாதிக்கும் உரிமையைப் பெண் வென்றுவிட்டாள், ‘ஃபெமினிஸ்ட்’ என்ற சொல்லுக்கு இனி வேலையில்லை, காகிதத்தில் எழுதிக் கொளுத்திவிடலாம் என்றார். எவ்வளவு பெரிய எழுத்தாளர்! முப்பது வருஷம் கழித்து, 1968-இல், அதே இங்கிலாந்தில் டேகன்ஹாம் ஃபோர்டு ஆலையில் கார் சீட்டுக்கு உறை தைத்த பெண்கள், எங்கள் தையலை நிர்வாகம் கைத்திறனாகவே மதிக்கவில்லை என்று மிஷினை நிறுத்திவிட்டு வெளியே வந்தார்கள். 1970-இல்தான் அங்கே சம ஊதியச் சட்டம் போட்டார்கள்.

அந்தச் சொல்லை யோசித்து மறுத்தவர்களும் உண்டு, அவர்களை மதிக்கிறேன். ‘மானுஷி’ பத்திரிகையின் ஆசிரியர் மது கிஷ்வர், தான் ஏன் பெண்ணியவாதி என்று சொல்லிக்கொள்வதில்லை என்று 1990-இல் விரிவாகவே எழுதினார். மேற்கில் உருவான ஒரு இசம் இங்கத்திய பெண்களின் கணக்குக்குப் பொருந்தாது என்பது அவர் கட்சி. எனக்கு அதில் உடன்பாடில்லை. ஆனால் பத்து வருஷத்துக்கு மேல் பெண்களுக்காகப் பத்திரிகை நடத்திவிட்டு அதைச் சொன்னார். தலித் பெண்கள், உங்கள் இயக்கத்தில் எங்கள் சாதி வலிக்கு எங்கே இடம் என்று கேட்டு, 1995-இல் தங்களுக்கென்று தேசியக் கூட்டமைப்பே கட்டினார்கள். அந்தக் கேள்விக்குப் பிறகு நான் திருந்தினேன் என்று எழுத மாட்டேன். அவர்கள் என்னைத் திருத்தினார்கள்.

நீங்களும் மறுக்கலாம். உங்களுக்கென்று ஒரு காரணத்தைக் கண்டெடுத்து மறுங்கள். ‘வந்துவிட்டதே’ என்பது காரணமாகாது. அன்று அந்தக் கைதட்டலை முதலில் தொடங்கியது யார் என்று நினைவிருந்தால் எனக்கு எழுதுங்கள்.

இப்போது உங்கள் கடைசிக் கேள்வி. ஆம், சொல்லிக்கொள்கிறேன். பேர் வைத்துக்கொள்ளாத பெண்ணுக்கும் ஊர் பேர் வைக்கும்: வாயாடி, ராங்கிக்காரி, அடங்காப்பிடாரி. மூன்றையும் நான் வாங்கியிருக்கிறேன். நாலாவதாக ஒன்று நானே எடுத்துக்கொண்டதாக இருக்கட்டும். பன்வாரி தேவி நிற்கும் வரிசையின் கடைசியில் நிற்கவாவது அந்தப் பேர் எனக்கு வேண்டும்.

தோழியின் அக்கா கதையை முடிக்கவில்லையே. 2005-இல் நாடாளுமன்றம் வாரிசுரிமைச் சட்டத்தைத் திருத்தி, கல்யாணமான மகள்களுக்கும் பூர்வீகச் சொத்தில் பங்கு கொடுத்தது. அப்போது அவர்கள் அப்பா உயிரோடு இருந்தார், நிலத்தை யாரும் பாகம் பிரித்திருக்கவில்லை. அடுத்த வருஷமே அண்ணன்மார் இன்னொரு விடுதலைப் பத்திரத்தை எழுதிக்கொண்டு அக்கா வீட்டுக்குப் போனார்கள். எட்டாவது வரை படித்தவர் அக்கா. கண்ணாடியை மாட்டிக்கொண்டு நாலு பக்கத்தையும் தானே வாசித்தார். தம்பிகளுக்குக் காபி போட்டுக் கொடுத்தார். கையெழுத்துப் போடவில்லை.