ஐம்பது வயது லேவியர்

மதிப்பிற்குரிய ஐயா,

உங்கள் கதைகளைப் பள்ளி நாளிலிருந்து வாசிக்கிறேன். அவற்றில் சபை, அசனம் என்கிற சபை விருந்து, பாடகர் குழு எல்லாம் வருவதால் இதை உங்களிடம் கேட்கலாம் என்று தோன்றியது.

நான் சிங்கப்பூரில் யீஷூனில் இருக்கிறேன். வயது 56. கல்யாணமாகி வந்ததிலிருந்து எங்கள் சபையில் பிள்ளைகளுக்கு ஓய்வுநாள் பள்ளி நடத்துகிறேன். பாடகர் குழுவிலும் இருக்கிறேன். அசனச் சமையலும் என் பொறுப்புதான். அம்மாவுக்கு மறதி நோய் வந்து இரண்டு வருடமாகிறது. ஞாயிற்றுக்கிழமை பணிப்பெண்ணுக்கு விடுப்பு. அம்மாவைப் பக்கத்து வீட்டு மலாய்க்கார அக்காவிடம் விட்டுவிட்டுச் சபைக்கு ஓடுகிறேன். போன மாதம் எங்கள் மூப்பரிடம், ஓய்வுநாள் பள்ளியை விட்டுவிடுகிறேன் என்றேன். "கலப்பையின்மேல் கை வைத்துப் பின்னிட்டுப் பார்க்கிறவன் தேவனுடைய ராஜ்யத்துக்குத் தகுதியுள்ளவன் அல்ல, சிஸ்டர்" என்றார். அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

விட்டால் யார் செய்வார்கள் என்ற கவலையும் இருக்கிறது. இளையவர்களிடம் ஒழுங்கு கிடையாது. ஆராதனையில் கிட்டார், டிரம்ஸ், பாதி ஆங்கிலப் பாட்டு. ஊரிலிருந்து வேலைக்கு வரும் தம்பிகள் இரண்டு மாதத்தில் மைக்கைப் பிடித்துவிடுகிறார்கள். அவர்களில் ஒருவர் ஊரில் வி.பி.எஸ். என்கிற விடுமுறை வேதாகமப் பள்ளி நடத்தினாராம். பிள்ளைகளை நான் எடுக்கட்டுமா அக்கா என்று என்னிடமே கேட்கிறார். இவர்களிடம் எதை நம்பிக் கொடுப்பது? என்னைப்போல் பார்த்துப் பார்த்துச் செய்ய ஆள் இல்லை.

ஊழியத்தை விட வேதத்தில் இடம் உண்டா? உண்மையுள்ள ஊழியம் என்பதுதான் என்ன? பெயர் போட வேண்டாம்.

ஒரு வாசகி

அன்புள்ள சகோதரிக்கு,

நான் போதகன் இல்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் தூணுக்குப் பின்னால் இடம் பார்த்து உட்காருகிறவன். வேத விளக்கம் கேட்க நல்ல ஆளைத்தான் பிடித்தீர்கள். ஆனாலும் எழுதுகிறேன். உங்கள் கடிதம் வந்த வாரம் முழுக்க நான் பைபிளின் நான்காம் புத்தகமான எண்ணாகமத்துக்குள் கிடந்தேன்.

யாரும் ஆசைப்பட்டு எடுக்கிற ஆகமம் இல்லை அது. என்னை எடுக்க வைத்தது ஒரு சாவு. என் நண்பர் ஒருவர் தன் சபையின் கணக்கைப் பல்லாண்டுகளாகப் பார்த்துவந்தார். காசு விஷயத்தில் நெருப்பு. மற்றவர் கை பட்டால் கணக்கு கெட்டுவிடும் என்று யாரையும் பக்கத்தில் விடமாட்டார். திடீரென்று பக்கவாதம், இரண்டே நாளில் போய்விட்டார். அடக்க ஆராதனையில் பேசியவர்கள் எல்லோரும் "மரணபரியந்தம் உண்மையாயிரு" என்ற வசனத்தைச் சொன்னார்கள். அடுத்த வாரம் பூட்டுக்காரரை வரவழைத்து இரும்பு அலமாரியை உடைத்தார்கள். வங்கியில் யார் கையெழுத்து, மண்டபத்தை யாருக்கு எவ்வளவுக்கு வாடகைக்கு விட்டிருக்கிறது, பியானோவுக்குச் சுருதி சேர்க்க வருகிறவரின் தொலைபேசி எண் எது, ஒன்றும் ஒருவருக்கும் தெரியவில்லை. அந்த வசனம் சிமிர்னா சபைக்குச் சொல்லப்பட்டது. நாளைக்குச் சிறைக்குப் போகப்போகிறவர்களுக்குச் சொன்னது. அலமாரிச் சாவியை இடுப்பில் செருகியிருப்பவர்களுக்கு அதில் பங்கு இருப்பதாக எனக்குத் தெரியவில்லை.

முதலில் சின்ன விஷயங்களை முடித்துவிடுகிறேன். கிட்டார், டிரம்ஸ்: 150ஆம் சங்கீதத்தை ஒருதரம் வாசித்துவிட்டு வாருங்கள். கைத்தாளத்தோடு நிறுத்தாமல் பேரோசையுள்ள கைத்தாளம் வரை போகிறது. மைக் பிடிக்கிற தம்பிகள்: நம் தாத்தாக்கள் நாகப்பட்டினத்தில் ரஜூலா கப்பல் ஏறி வந்தவர்கள். இறங்கிய கையோடு அவர்களும் எதையோ பிடித்ததால்தான் இன்று இந்த ஊரில் தமிழ் ஆராதனை இருக்கிறது. ஆங்கிலப் பாட்டைப் பற்றி எனக்கும் வருத்தம் உண்டு. ஆனால் வீட்டில் பிள்ளையோடு ஆங்கிலத்தில் பேசிவிட்டுக் கோயிலில் மட்டும் தமிழை எதிர்பார்க்கிறவர்களோடு சேர்ந்து வருத்தப்பட எனக்கு இஷ்டமில்லை.

அடுத்து அந்தக் கலப்பை. உங்கள் மூப்பர்மேல் எனக்குக் கோபம் வந்தது. இயேசு எருசலேமுக்குப் போகிற வழியில், உம்மைப் பின்பற்றுவேன், ஆனால் முதலில் வீட்டாரிடம் விடைபெற்று வருகிறேன் என்ற ஒருவனுக்குச் சொன்ன பதில் அது. அவரைப் பின்பற்றுவதா வேண்டாமா என்பதுதான் அங்கே பேச்சு. ஞாயிறு காலை ஒன்பது மணி வகுப்புக்கு யார் சுண்ணாம்புக்கட்டி எடுப்பது என்பது அல்ல. வசனத்தை வைத்து ஆளை மிரட்டுவது நம் சபைகளில் ஒரு பழக்கமாகிவிட்டது. மிரட்டுகிறவர்கள் மாற்கு 7ஆம் அதிகாரத்தைத் திறப்பதே இல்லை. அப்பா அம்மாவுக்குச் செய்ய வேண்டியதை ‘கொர்பான், கடவுளுக்குக் கொடுத்தாயிற்று’ என்று சொல்லித் தட்டிக்கழித்தவர்களை இயேசு அங்கே எப்படிக் கேட்டார் என்று பாருங்கள். பவுலும் தீமோத்தேயுவுக்கு எழுதும்போது பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் முதலாவது தங்கள் வீட்டில் பெற்றவர்களைக் கவனிக்கக் கற்றுக்கொள்ளட்டும் என்கிறார். ‘முதலாவது’ என்று அவர்தான் எழுதியிருக்கிறார், நான் சேர்க்கவில்லை. உங்கள் அம்மா உங்கள் முகத்தை இன்னும் அடையாளம் தெரிந்துகொள்கிற ஞாயிறுகள் எத்தனை மிச்சம் என்று யாருக்குத் தெரியும்? இதற்கு மேல் இதில் பேச ஒன்றுமில்லை. நன்றாகத் தூங்குங்கள்.

சரி, எண்ணாகமம். 4ஆம் அதிகாரத்தில் லேவியரை, கூடார ஊழியத்துக்கென்று ஒதுக்கப்பட்ட கோத்திரத்தாரை, எண்ணுகிறார்கள். 30 வயதிலிருந்து 50 வயது வரை உள்ளவர்கள் மட்டும். அவர்களில் மூன்று குடும்பங்கள்: கோகாத்தியர் 2,750, கெர்சோனியர் 2,630, மெராரியர் 3,200, ஆக 8,580 பேர். இவர்கள் வேலை, வனாந்தரப் பயணத்தில் வழிபாட்டுக்கென்று இருந்த ஆசரிப்புக் கூடாரத்தைச் சுமப்பது. கூடாரத்தின் கீழே வைக்கிற வெள்ளிப் பாதம் ஒவ்வொன்றும் ஒரு தாலந்து எடை, முப்பது கிலோவுக்குக் குறையாது. அப்படி நூறு பாதங்கள். பலகை, தாழ்ப்பாள், தூண் எல்லாம் சேர்த்து மெராரியருக்கு நான்கு வண்டி, எட்டு மாடு கொடுத்தார்கள். திரை, மூடுதிரை சுமந்த கெர்சோனியருக்கு இரண்டு வண்டி. உடன்படிக்கைப் பெட்டியும் பலிபீடமும் சுமந்த கோகாத்தியருக்கு வண்டியே கிடையாது, தோளில்தான் சுமக்க வேண்டும். அதனால் 50 வயது எல்லை புரிகிறது. நமக்கு எம்.ஆர்.டி. ரயில் நிலையப் படியில் இருபது கிலோ அரிசி தூக்கினாலே இடுப்பு போய்விடுகிறது.

எனக்குப் பிடித்தது 8ஆம் அதிகாரம். அங்கே லேவியர் 25 வயதில் வேலைக்குள் வருகிறார்கள். 4இல் 30, 8இல் 25, ஏன் இந்த வித்தியாசம்? யூத ரபிமார் சொன்ன விளக்கம், முதல் ஐந்து வருடம் பழகுவதற்கு என்பது. ஒரு ஆணியை எங்கே அடிக்க வேண்டும் என்று தெரிந்துகொள்ள ஐந்து வருடம்! பிறகு இருபது வருட வேலை. 50இல் வேலையை விட்டுவிட வேண்டும். விட்டவன் வீட்டுக்குப் போய்ப் படுத்துக்கொள்வதில்லை. தன் சகோதரரோடு சேர்ந்து கூடாரத்தின் காவலைப் பார்க்கிறான். சுமை மட்டும் அவன் தோளில் இல்லை. விடுவதற்கு வேதத்தில் இடம் உண்டா என்று கேட்டீர்களே, நாள் குறித்தே வைத்திருக்கிறது.

நான் இதைச் சொன்னால் உடனே மூன்று பேர் கை தூக்குவார்கள். ஒருவர், தாவீது காலத்தில் சட்டம் மாறியது என்பார். மாறியதுதான். லேவியர் இனிக் கூடாரத்தைச் சுமக்க வேண்டியதில்லை என்பதால் எண்ணிக்கையை 20 வயதிலிருந்து தொடங்கினார் தாவீது. இளையவர்களை இன்னும் சீக்கிரமாக உள்ளே கொண்டுவந்தார் என்றுதான் நான் வாசிக்கிறேன். இன்னொருவர் காலேபைக் கொண்டுவருவார், 85 வயதில் மலைநாட்டைக் கேட்டவர் என்று. காலேப் லேவியன் இல்லை. அவர் கேட்டது சண்டை போட்டுப் பிடிக்க வேண்டிய நிலத்தை, சபைக் குழுவில் நாற்காலியை இல்லை. மூன்றாமவர் ஆசாரியர்களுக்கு வயது எல்லை கிடையாதே என்பார். கிடையாது. ஆனால் தலைமை ஆசாரியரான ஆரோன் ஓர் என்னும் மலைமேல் எப்படிச் செத்தார் என்று 20ஆம் அதிகாரத்தில் இருக்கிறது. உயிரோடு இருக்கும்போதே அவருடைய வஸ்திரங்களைக் கழற்றி மகன் எலெயாசாருக்கு உடுத்துகிறார் மோசே. ஜனங்களுக்கு முன்பாக மலையேறிய பிறகு இது நடக்கிறது. கழற்றிய பிறகுதான் சாவு.

நம் பிள்ளைகளுக்கு ரிசர்விஸ்ட் என்கிற ராணுவக் கடமை 40 வயதோடு முடிகிறது, அதிகாரிகளாக இருந்தால் 50. அதற்குப் பிறகு ஒருவன் முகாம் வாசலில் போய், எனக்குத்தான் துப்பாக்கியைச் சுத்தமாகத் துடைக்கத் தெரியும், உள்ளே விடு என்று அழுவதில்லை. மெதடிஸ்ட் சபை இங்கே பேராயரையே நான்கு வருடத்துக்கு ஒருமுறை தேர்ந்தெடுக்கிறது. பேராயருக்குத் தவணை இருக்கிறது. பாடகர் குழுவில் ஆல்டோ பாடுகிறவருக்கும் அசனத்தில் அண்டா பார்க்கிறவருக்கும் மட்டும் தவணையே இல்லை. மோசேயை ஜனங்கள் காலைமுதல் மாலைமட்டும் சூழ்ந்து நின்றபோது, நீர் செய்கிற காரியம் நல்லதல்ல, நீரும் தொய்ந்துபோவீர், ஜனங்களும் தொய்ந்துபோவார்கள் என்று சொல்ல மீதியானிலிருந்து மாமனார் வரவேண்டியிருந்தது. சொந்தச் சபையார் ஒருவரும் சொல்லவில்லை. சொல்லமாட்டார்கள், அவர்களுக்கு வசதிதானே.

என் பெரியம்மாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். அறுபதுகளில் எங்கள் சபையில் ஓய்வுநாள் பள்ளி என்றால் அவர்தான். ஃபிளானல் துணியில் தாவீதையும் கோலியாத்தையும் ஒட்டி ஒட்டிக் கதை சொல்வார், கோலியாத் விழும்போது நாங்கள் பெஞ்சைத் தட்டுவோம். ஐம்பதை ஒட்டிய வயதில் ஒருநாள் படங்கள் இருந்த பிஸ்கட் டின்னை ஒரு பதினெட்டு வயது அக்காவிடம் கொடுத்துவிட்டார். அந்த அக்காவுக்குத் திக்குவாய். சபைப் போதகரான ஐயர் வந்து, அம்மா நீங்கள் நன்றாகத்தானே இருக்கிறீர்கள், இது எதற்கு என்று கேட்டார். "நான் இருக்கும்போதே இவள் தப்புச் செய்து பழகட்டும், நான் போன பிறகு செய்தால் திருத்த யார் இருக்கிறார்கள்?" என்றார் பெரியம்மா.

தப்பு நடந்தது. இரண்டாவது வாரமே அந்த அக்கா யோனாவைச் சிங்கக் கெபியில் போட்டுவிட்டார். நான் வெளியே ஓடிப்போய்ப் பெரியம்மாவிடம் கோள் சொன்னேன். அவர் வாசலில் முக்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். சின்னப் பிள்ளைகள் சாலைக்கு ஓடாமல் பார்த்துக்கொள்வது இப்போது அவர் வேலை. "தானியேல் கோபித்துக்கொள்ள மாட்டார், நீ போய் உட்கார்" என்று என் காதைத் திருகி அனுப்பினார். வகுப்பு முடிந்ததும் அந்த அக்காவைத் தனியாக அழைத்து ஏதோ பேசினார். அடுத்த வாரம் யோனா மீனுக்குள் சரியாகப் போனார். திக்கல் போகவில்லை. சபையில் முழு உறுப்பினராகச் சேரும் என் திடப்படுத்தலுக்கு முழுப் பாடமும் சொல்லிக்கொடுத்தவர் அந்த அக்காதான். அந்தத் திக்கலோடு சேர்த்துத்தான் எனக்கு இன்றைக்கும் விசுவாசப் பிரமாணம் காதில் கேட்கிறது. பெரியம்மா எண்ணாகமம் 8ஐ வாசித்திருப்பாரா என்பது சந்தேகம். கண்ணாடி உடைந்தால் மாற்ற ஒரு வருடம் எடுத்துக்கொள்கிற ஆள்.

இப்போது உங்களிடம் வருகிறேன். கடிதத்தில் மூப்பரைப் பற்றி நான்கு வரி எழுதிவிட்டு, கடைசியில் "என்னைப்போல் பார்த்துப் பார்த்துச் செய்ய ஆள் இல்லை" என்று ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள். எனக்குக் கோபம் வந்தது மூப்பர்மேல் மட்டும் இல்லை. கல்யாணமானது முதல் என்றால் கால் நூற்றாண்டுக்குக் குறையாது. உங்கள் வகுப்பில் படித்த பிள்ளைகள் இன்று என்.எஸ். என்கிற தேசிய சேவையை முடித்து, வேலைக்குப் போய், கல்யாணமும் செய்திருப்பார்கள். அவர்களில் ஒருவரைக்கூடவா பக்கத்தில் நிறுத்திப் பழக்கவில்லை? ஒழுங்கு இல்லை என்கிறீர்கள். உங்களிடம் படித்தவர்கள்தானே? பிள்ளைகளை நான் எடுக்கட்டுமா அக்கா என்று ஒரு தம்பி தானாக வந்து கேட்கிறார். கடவுளிடம் வேலையாள் அனுப்பும் என்று ஜெபித்திருப்பீர்கள். அனுப்பியிருக்கிறார், உங்களுக்கு அவர் மைக் பிடிக்கிற விதம் பிடிக்கவில்லை. வாரம் முழுவதும் வேலை பார்த்துவிட்டுக் கிடைக்கிற ஒரே விடுமுறையில் வந்து பிள்ளைகளுக்குப் பாட்டுச் சொல்லித்தர ஆசைப்படுகிறவரை "எதை நம்பி" என்று கேட்க உங்களுக்கு எப்படி மனம் வந்தது? உங்களுக்கு முன் அந்த வகுப்பை நடத்தியவர் எதை நம்பி உங்களிடம் கொடுத்தார்?

கோபித்துக்கொள்ளாதீர்கள். அம்மாவைக் குளிப்பாட்டிவிட்டு ஞாயிறு காலையில் பஸ் பிடிக்க ஓடுகிற பெண்ணை இவ்வளவு திட்டுவது நியாயமில்லை என்று தெரியும். நீங்கள் களைத்துப்போயிருக்கிறீர்கள். களைப்பில்தான் நம்மைவிட்டால் ஆளில்லை என்று தோன்றும். தீர்க்கதரிசி எலியாவும் அப்படித்தான் களைத்துப்போய்ச் சூரைச்செடியின் கீழே, போதும், என் உயிரை எடுத்துக்கொள்ளும் என்றார். தூதன் பிரசங்கம் செய்யவில்லை. தணலில் சுட்ட அடையும் தண்ணீரும் வைத்து, சாப்பிடு என்று எழுப்பினான். இரண்டு தடவை. பிறகு ஓரேப் மலையில், நான் ஒருவன்தான் மீதி என்றவருக்கு, இஸ்ரவேலில் ஏழாயிரம் பேர் மிச்சமிருக்கிறார்கள் என்று கணக்குச் சொல்லப்பட்டது.

உண்மையுள்ள ஊழியம் என்றால் என்ன என்றும் கேட்டிருந்தீர்கள். அதைப் போதகரிடம் கேளுங்கள்.

அந்தத் தம்பியிடம் இந்த வாரமே பேசுங்கள். முதல் மாதம் அவர் நடத்தட்டும், நீங்கள் ஒரு ஞாயிறு விட்டு ஒரு ஞாயிறு போய்ப் பின்பெஞ்சில் உட்காருங்கள், வாயைத் திறக்காமல். உங்கள் பழைய மாணவி ஒருத்தியையும் அவரோடு சேர்த்துவிடுங்கள். இங்கே பிறந்த பிள்ளைகளின் தமிழ் அவருக்குப் புரிய ஆள் வேண்டும். பாடகர் குழுவில் பாட ஆசை இருந்தால் பாடுங்கள், அதில் எனக்கு ஆட்சேபணை இல்லை. அசன அண்டாவை மட்டும் கண்டிப்பாகக் கொடுத்துவிடுங்கள். மூப்பர் மறுபடியும் கலப்பையைத் தூக்கிக்கொண்டு வந்தால், எண்ணாகமம் 8ஆம் அதிகாரம் 24ஆம் வசனத்திலிருந்து வாசித்துக் காட்டுங்கள். அவருக்கு என்ன வயது என்பதையும் கேட்டு எனக்கு எழுதுங்கள்.

அம்மாவுக்கு என் ஸ்தோத்திரம் சொல்லுங்கள்.