குவில்ட் தைக்க ஓர் அறை: வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

துணித்துண்டுகளை இணைத்து, இடையில் பஞ்சு வைத்துத் தைக்கும் அடுக்குப் போர்வையான குவில்ட் பற்றி இம்முறை வந்த கேள்விகளில் பெரும்பாலானவை தையலைப் பற்றியவை அல்ல, தைக்கும் இடத்தைப் பற்றியவை. ஒரே பொருளைக் கேட்டவர்களை ஒன்றாகச் சேர்த்து, அவற்றில் தெளிவாக எழுதப்பட்டிருந்த கேள்வியைத் தேர்ந்து பதில் சொல்லியிருக்கிறேன்.

மகள் திருமணமாகிச் சென்றபின் பத்துக்குப் பத்தடி அறை ஒன்று எனக்குக் கிடைத்திருக்கிறது. அவள் வந்தால் தங்குவதற்குக் கட்டில் இருந்தே ஆக வேண்டும். கால் மெஷினும் ஒரு பழைய சாப்பாட்டு மேசையும் இருக்கின்றன. எதை எங்கே போடுவது?
— வாசகி, கோயம்புத்தூர்

வெளிச்சம் வருகிறதே என்று மெஷினை முதலில் ஜன்னலோரம் போட்டுவிட்டு, மற்றவற்றை மிஞ்சிய இடத்தில் திணிப்பதுதான் பலரும் செய்வது. குவில்டிங்கில் மெஷின் முன் உட்காரும் நேரத்துக்குச் சற்றும் குறையாத நேரம் வெட்டுவதிலும், இஸ்திரி போடுவதிலும், துண்டுகளைப் பரப்பிப் பார்ப்பதிலும் போகிறது. ஆகவே வெட்டும் மேசையிலிருந்து தொடங்குங்கள், ஏனென்றால் உடம்பை அதிகம் வருத்துவது அதுதான். சாப்பாட்டு மேசையின் உயரம் பொதுவாக 30 அங்குலம் இருக்கும். அது உட்கார்ந்து சாப்பிடுவதற்கான உயரம். அதன்மேல் ரோட்டரி கட்டர் என்னும் உருளும் வட்டக் கத்தியையும் அக்ரிலிக் ஸ்கேலையும் வைத்துக்கொண்டு ஒரு மணி நேரம் குனிந்து வெட்டினால் இடுப்பு வலிக்காமல் இருக்காது. நடுத்தர உயரமுள்ள ஒருவருக்கு 35, 36 அங்குலம் பொருந்தும். நேராக நின்று முழங்கையை மடக்கிப் பாருங்கள். முழங்கைக்கு நான்கைந்து அங்குலம் கீழே மேசையின் மேற்பரப்பு வந்தால் அதுவே உங்கள் அளவு. புதிய மேசை வேண்டியதில்லை. கால்கள் நழுவாதபடி நடுவில் குழி எடுத்த நான்கு மரக்கட்டைகளைத் தச்சரிடம் செய்து வாங்கி, மேசையின் கால்களுக்கு அடியில் வைத்தால் போதும்.

அடுத்தது மெஷின். மேல்துணி, பஞ்சு விரிப்பு, அடித்துணி என்று மூன்று அடுக்கும் சேர்ந்த ஓர் இரட்டைக் கட்டில் குவில்ட் நல்ல கனம். அது மேசையிலிருந்து தொங்கினால் தன் கனத்தாலேயே துணியை இழுக்கும். தையல் ஓரிடத்தில் நெருங்கியும் ஓரிடத்தில் அகன்றும் விழும், சமயத்தில் ஊசியே வளைந்து ஒடியும். எனவே மெஷினின் இடப்பக்கமும் பின்பக்கமும் சுவர் இருக்கும்படி மூலையில் அமையுங்கள். கீழே வழிவதற்கு இடமில்லாதபோது குவில்ட் மேசைமேலேயே மடிந்து கிடக்கும். இடப்பக்கச் சுவரில் ஜன்னலும் இருந்துவிட்டால், வலக்கைப் பழக்கம் உள்ளவருக்கு ஊசிமுனையில் கையின் நிழல் விழாது. உங்கள் கால் மெஷினில் ஒரு பெரிய நன்மை உண்டு. அதன் தலைப்பகுதி மேசைப் பலகைக்குள் இறங்கி, தையல் தட்டும் பலகையும் ஒரே மட்டத்தில் இருக்கின்றன. புதிய மின் மெஷின் வைத்திருப்பவர்கள் இதற்காகவே தனியாக மேசை செய்து கொள்கிறார்கள். பழையது என்று அதை விற்றுவிடாதீர்கள். அதன் பலகை அகலம் குறைவு என்பது ஒன்றுதான் குறை. இடப்பக்கம் அதே உயரத்தில் ஒரு சிறு மேசையைச் சேர்த்துப் போடுங்கள்.

கட்டிலை இடைஞ்சலாக நினைக்க வேண்டாம். மெத்தைமேல் சுத்தமான விரிப்பைப் போட்டு, பாதி முடிந்த குவில்ட்டை மடிக்காமல் பரப்பி வைக்கலாம். கட்டிலின் அடியில் பஞ்சு விரிப்புச் சுருளையும் நீளமான அடித்துணிகளையும் வைத்துக்கொள்ளலாம். மூன்று அடுக்கையும் சேர்த்துப் பின் குத்தும் வேலைக்கு மட்டும் அறை போதாது. அதைக் கூடத்துத் தரையில், அடித்துணியின் ஓரங்களை மாஸ்கிங் டேப்பால் இழுத்து ஒட்டிவிட்டுச் செய்யுங்கள். பின்னுக்குப் பின் நான்கு அங்குலத்துக்கு மேல் இடைவெளி விடாதீர்கள்.

ஆண்டில் பாதி நாள் மழையும் ஈரமுமாக இருக்கிற ஊர் எங்களுடையது. இரும்பு பீரோவில் அடுக்கி வைத்த பருத்தித் துணிகளில் பூஞ்சை வாடையும், மடிப்புகளில் பழுப்புக் கறையும் வந்துவிட்டன. சில துணிகளைப் பூச்சி அரித்திருக்கிறது. அந்துருண்டை போட்டும் பயனில்லை.
— வாசகி, நாகர்கோவில்

தென்மேற்குப் பருவமழையும் வடகிழக்குப் பருவமழையும் பெய்கிற மாவட்டத்தில் துணியைப் பாதுகாப்பது குவில்டிங்கில் பாதி வேலை. உங்களுக்கு வந்திருப்பவை மூன்று தனித்தனித் தொல்லைகள்.

பூஞ்சை வருவதற்குக் காரணம், ஈரப்பதம் முழுமையாகப் போகாத துணியைக் காற்றுப் புகாமல் அடைப்பது. துவைத்த துணியை இஸ்திரி போட்ட சூட்டோடு அடுக்காதீர்கள்; அந்த ஆவி ஆறும்வரை சில மணி நேரம் வெளியே கிடக்கட்டும். பிளாஸ்டிக் பைகளில் கட்டி வைக்காதீர்கள். பீரோவைச் சுவரோடு ஒட்டிப் போடாமல் நான்கு விரற்கடை தள்ளிப் போடுங்கள். மழை ஓய்ந்து வெயில் காயும் நாளில் கதவுகளைத் திறந்து காற்றாட விடுங்கள்.

பழுப்புக் கறை துரு ஏறியதாலும் வரும், அடியில் விரித்த செய்தித்தாளாலும் வரும். நம் வீடுகளில் பீரோத் தட்டுகளுக்குச் செய்தித்தாள் விரிப்பது பழகிப்போன ஒன்று. அந்தக் காகிதத்தில் உள்ள அமிலம் நாளடைவில் துணியைப் பழுப்பாக்குவதோடு, மையும் துணியில் ஏறுகிறது. அதற்குப் பதிலாக, கஞ்சி போகத் துவைத்த பழைய வேட்டியை இரண்டாக மடித்து விரியுங்கள். பூச்சு இல்லாத மரத்தட்டும் இப்படித்தான் கறைப்படுத்தும். அங்கும் வேட்டி விரிப்பு தேவை. ஓரிரு மாதங்களுக்கு ஒருமுறை துணிகளை எடுத்து, பழைய மடிப்பு விழாமல் வேறு மடிப்பில் வையுங்கள்.

பூச்சியைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். பருத்தியை அரிப்பது பெரும்பாலும் வெள்ளி நிறத்தில் வழுக்கி ஓடுகிற ராமபாணப் பூச்சி. அதற்கு வேண்டியது மாவுப்பொருள். அதாவது நீங்கள் கடையில் வாங்கிய துணியில் இருக்கும் கஞ்சி. வாங்கியவுடன் துவைத்துக் கஞ்சியை நீக்கிவிட்டால் அது நாடி வரும் காரணமே பெரும்பாலும் நீங்கிவிடும். துவைப்பதால் சாயம் போகும் துணி எது, சுருங்கும் துணி எது என்பதும் தைப்பதற்கு முன்பே தெரிந்துவிடுகிறது. அந்துப்பூச்சியின் புழு வேறு வகை; அது பட்டையும் கம்பளியையும் தேடும். ஆகையால் பழைய பட்டுப்புடவைத் துண்டுகளைப் பருத்தியோடு கலக்காமல் தனியாக ஒரு பருத்திப் பையில் கட்டி வையுங்கள். அந்துருண்டையாக விற்கும் நாப்தலீன் உருண்டைகளை நான் பரிந்துரைப்பதில்லை. சில குழந்தைகளின் உடலில் அது இரத்தச் சிவப்பணுக்களைச் சிதைக்கக்கூடியது. பிறக்கப்போகும் குழந்தைக்காகத் தைக்கும் துணியோடு அதை வைக்கவே கூடாது. நிழலில் நன்றாக உலர்த்திய வேப்பிலையையோ வசம்பையோ சிறு துணி முடிச்சாகக் கட்டித் தட்டின் மூலையில் வைக்கலாம். ஆனால் அவை துணைக்குத்தான். கஞ்சி நீக்குவதும் அடிக்கடி எடுத்துப் பார்ப்பதும்தான் உண்மையான காவல்.

மெஷினுக்கும் இதே ஈரம் ஆகாது. அடிநூல் இருக்கும் பாபின் கேஸைச் சுற்றிச் சேரும் பஞ்சுப் பிசிறு ஈரத்தை உறிஞ்சி வைத்துக்கொண்டு இரும்பைத் துருப்பிடிக்க வைக்கும். தைத்து முடித்ததும் தூரிகையால் பிசிறைத் தட்டிவிட்டு, மெஷின் எண்ணெய் விடுங்கள். தேங்காய் எண்ணெய் நாளடைவில் பிசினாக இறுகிவிடும் என்பதால் அதை ஒருபோதும் விடாதீர்கள்.

மின்விசிறியைப் போட்டால் வெட்டிய துண்டுகள் பறக்கின்றன. நிறுத்தினால் வியர்வையில் உட்கார முடியவில்லை.
— வாசகர், திருச்சிராப்பள்ளி

மேலே சுழலும் விசிறியை நிறுத்திவிட்டு, ஒரு மேசை விசிறியைத் தரையில் வைத்துக் கால்களை நோக்கித் திருப்புங்கள். உடம்பு குளிரும், மேசைமேல் காற்று எழாது. வெட்டிய துண்டுகளை வரிசை மாறாமல் தட்டில் அடுக்கி, மேலே கனமாக எதையாவது வையுங்கள்; பழைய மளிகைக் கடைகளில் இருந்த இரும்பு எடைக்கல்லைத் துணியால் சுற்றித் தைத்துக்கொண்டால் அதைவிடச் சிறந்த பாரம் வேறில்லை.

சென்னையில் வாடகை வீடு. சுவரில் ஆணி அடிக்க உரிமையாளர் சம்மதிக்கவில்லை. துண்டுகளைச் செங்குத்தாக ஒட்டிப் பார்க்கும் சுவர் இல்லாமல் குவில்ட் வடிவமைக்க முடியுமா?
— வாசகி, பெரம்பூர்

முடியும், ஆனால் கண்ணுக்கு நேரே நிறுத்திப் பார்ப்பதைக் கைவிடாதீர்கள். தரையில் பரப்பிய துண்டுகளை நாம் சாய்வாகப் பார்க்கிறோம்; அருகில் இருப்பவை பெரிதாகவும் தூரத்தில் இருப்பவை சிறிதாகவும் தெரிவதால் எந்த இடம் கனக்கிறது என்பது பிடிபடாது. இரண்டு பருமனான தெர்மகோல் தகடுகளை வாங்கி, அவற்றின்மேல் வெள்ளை பிளானல் துணியை இழுத்துப் பின்பக்கம் டேப் ஒட்டிவிடுங்கள். பிளானலின் சுணையில் பருத்தித் துண்டு பின் இல்லாமலே ஒட்டிக்கொள்ளும். வேலையின்போது பீரோவில் சாய்த்து வைத்து, முடிந்ததும் கட்டிலுக்கடியில் தள்ளிவிடலாம். தகடுகளுக்கு இடமில்லையென்றால் திரைச்சீலைக் கம்பியில் ஒரு பெரிய பிளானல் துணியை மாட்டி, கீழோரத்தில் கனமான பட்டி தைத்துவிடுங்கள்.

அமைப்பு நிறைவாக வந்துவிட்டது என்று தோன்றும்போது கைப்பேசியில் படம் எடுத்து அதைக் கறுப்பு வெள்ளையாக மாற்றிப் பாருங்கள். நிறத்தின் கவர்ச்சி போனபின் எது வெளிர், எது அடர்த்தி என்பது மட்டும் மிஞ்சும். சிவப்பும் பச்சையும் எவ்வளவு மாறுபட்டவை என்று நினைத்திருந்தோமோ, அவ்விரண்டும் ஒரே சாம்பலாகத் தெரிவது அப்போதுதான் புலப்படும்.

அறைக்கு அழகான நிறத்தில் வண்ணம் பூச விரும்புகிறேன். இளஞ்சிவப்பு பூசலாமா? வடக்கு ஜன்னல் இருப்பதால் துணி வெளுக்காது என்று சொல்கிறார்களே, அது சரியா? சுவரில் எதை மாட்டலாம்?
— வாசகி, தஞ்சாவூர்

இளஞ்சிவப்பு வேண்டாம் என்பதே என் உறுதியான கருத்து. சுவரின் நிறம் வெளிச்சத்தோடு கலந்து துணிமேல் விழுகிறது; உங்கள் வெள்ளைத் துணியும் மஞ்சள் துணியும் அந்த அறையில் தம் நிறத்தைக் காட்டா. தூய வெள்ளைக்குச் சற்று இறங்கிய வெள்ளையோ மிக மெல்லிய சாம்பலோ பூசுங்கள். இரவில் தைப்பவரானால், மஞ்சள் ஒளி விளக்கையும் நீலம் பாய்ந்த வெள்ளை விளக்கையும் தவிர்த்து, 4000 முதல் 5000 கெல்வின் வரையுள்ள எல்.இ.டி. விளக்கை வாங்குங்கள். அதன் அட்டைப்பெட்டியில் சி.ஆர்.ஐ. 90 அல்லது அதற்கு மேல் என்று இருக்கிறதா என்று பாருங்கள். நிறத்தை உள்ளபடி காட்டும் திறனைக் குறிப்பது அந்த எண்.

வடக்கு ஜன்னலில் நேர் வெயில் விழாது என்ற அறிவுரை ஐரோப்பா, அமெரிக்கா போன்ற வடக்கு நாடுகளுக்குப் பொருந்தும். தஞ்சாவூரில் ஏப்ரல் பிற்பாதியிலிருந்து ஆகஸ்ட் கடைசி வாரம்வரை உச்சிவெயில்கூட வடக்கே சாய்ந்துதான் இருக்கிறது. காலையிலும் மாலையிலும் வெயில் வடகிழக்கிலிருந்தும் வடமேற்கிலிருந்தும் உள்ளே நுழையும். ஆகவே அந்த மாதங்களில் வடக்கு ஜன்னலுக்கும் திரை வேண்டும். துணி அலமாரியின் முன்பக்கம் எந்த ஜன்னலையும் நோக்கி இருக்க வேண்டாம். திறந்த தட்டில் துணி அடுக்கினால் மடிப்பின் வெளியோரம் மட்டும் கோடாக வெளுத்துப்போகும். அந்தக் கோட்டை எந்தச் சலவையும் போக்காது.

அலங்காரத்துக்கு உங்கள் கைவேலையைவிட வேறெதுவும் தேவையில்லை. குவில்ட்டை மாட்டுவதானால் வளையங்களில் தொங்கவிடாமல், பின்பக்கத்தின் மேலோரத்தில் நான்கு அங்குல அகலத்துக்குத் துணிக்குழாய் ஒன்றைக் கையால் தைத்து, அதனுள் கம்பியைச் செலுத்துங்கள். கனம் ஓரம் முழுவதும் சமமாகப் பரவும். சில மாதங்களுக்கு ஒன்றாக மாற்றி மாட்டினால் எதுவும் அதிகம் வெளுக்காது. உங்கள் ஊரிலேயே தேர்ச்சீலைகளும், தேரில் தொங்கும் உருளை வடிவத் துணித் தொங்கல்களான தொம்பைகளும் தைக்கும் ஒட்டுத்துணிக் கைவினை இருக்கிறது. சிவப்பு, மஞ்சள், வெள்ளை என்று அழுத்தமான நிறங்களை வெட்டி ஒட்டித் தைத்த ஒரு சிறு தொம்பை அந்த வெளிர் சுவரின் மூலையில் தொங்கினால், கடையில் வாங்கும் எந்தப் படமும் அதற்கு ஈடாகாது.

வெட்டி மிஞ்சிய துண்டுகளை எறிய மனம் வரவில்லை. மூட்டை மூட்டையாகச் சேர்ந்துவிட்டது. எந்த அளவுவரை வைத்திருப்பது?
— வாசகி, மதுரை

எறிய மனம் வராதது நல்ல குணம். மூட்டையாகக் கட்டுவதுதான் தவறு. மூட்டைக்குள் போன துண்டு மறுபடி கைக்கு வருவதில்லை. நிறவாரியாகப் பிரிக்காமல் அளவுவாரியாகப் பிரியுங்கள். இரண்டரை அங்குல அகலப் பட்டைகள் ஒரு பெட்டி, ஐந்து அங்குலச் சதுரங்கள் ஒரு பெட்டி, அதைவிடப் பெரியவை ஒரு பெட்டி. மிச்சமான அன்றே இந்த அளவுகளுக்கு வெட்டிவிட்டால் அடுத்த குவில்ட்டுக்குப் பாதி வேலை முடிந்திருக்கும். கால் மீட்டருக்கு மேற்பட்ட துணிகளை எல்லாம் ஒரே அகலத்தில் அட்டையில் சுற்றி, புத்தகம் அடுக்குவது போல நிறுத்தி வையுங்கள். அடுக்கின் அடியில் ஒன்று மறைந்து கிடக்காது. ஒன்றரை அங்குலத்துக்குக் குறைந்தவற்றைத் திண்டுக்குள் அடைத்துவிடுங்கள். பக்கத்துக்குக் கால் அங்குலம் தையலுக்குப் போனபின் அவற்றில் வெளியே தெரிவது மிகக் குறைவு.

கந்தலை வைத்து என்ன பெரிதாகச் செய்துவிட முடியும் என்று தயங்குபவர்களுக்கு இரண்டு உதாரணங்கள் சொல்வேன். அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில் ஜீஸ் பெண்ட் என்ற சிற்றூரின் கறுப்பினப் பெண்கள், வயலில் உடுத்துத் தேய்ந்த உடைகளிலிருந்து தைத்த குவில்ட்டுகள் 2002-இல் நியூயார்க்கின் விட்னி அருங்காட்சியகத்தில் காட்சிக்கு வைக்கப்பட்டன. 2006-இல் அவை அஞ்சல்தலைகளாகவும் வெளிவந்தன. நமக்கு அருகே, கர்நாடகத்தின் உத்தர கன்னட மாவட்டத்தில் வாழும், ஆப்பிரிக்க வம்சாவளியினரான சித்தி சமூகப் பெண்கள் பழந்துணிகளில் கவந்தி என்னும் குவில்ட் தைக்கிறார்கள். அவர்கள் ஓரத்தில் தொடங்கி உள்நோக்கித் தைத்துக்கொண்டே நடுவுக்கு வருவார்கள். நான்கு மூலையிலும் மடித்த சிறு துண்டுகளை வைத்து முடிப்பார்கள். அந்த வேலைக்கு மெஷினும் வேண்டாம், மேசையும் வேண்டாம். உங்கள் மூட்டையில் ஒழுங்காக வெட்ட வராத கோணல் துண்டுகளைக் கவந்திக்கென்று ஒதுக்குங்கள்.

இஸ்திரிப் பெட்டியையும் மெஷினையும் ஒரே எக்ஸ்டென்ஷன் பலகையில் இணைக்கலாமா? பேரக்குழந்தைகள் வந்துபோகும் வீடு என்பதால் வேறு என்ன கவனிக்க வேண்டும்?
— வாசகி, சேலம்

இணைக்காதீர்கள். ஆவி இஸ்திரிப் பெட்டிகள் பல 1500 வாட்டுக்கு மேல் இழுப்பவை. அவற்றுக்குச் சுவரில் உள்ள 16 ஆம்பியர் சாக்கெட்தான் சரி. அதன் வயர் நடைபாதையில் குறுக்கே ஓடாதபடி இஸ்திரிப் பலகையைச் சாக்கெட்டுக்கு அருகிலேயே போடுங்கள். ரோட்டரி கட்டரைக் கையிலிருந்து கீழே வைக்கும் ஒவ்வொரு முறையும் பிளேடை மூடிவிட வேண்டும். வேலை முடிந்ததும் அது பூட்டுள்ள இழுப்பறைக்குள் போக வேண்டும். ஒடிந்த ஊசிகளையும் தேய்ந்த பிளேடுகளையும் குப்பையில் வெறுமனே போடாமல், மூடியில் துளையிட்ட ஒரு மாத்திரை டப்பாவில் சேர்த்து, நிறைந்ததும் டேப் சுற்றி அப்புறப்படுத்துங்கள். புள்ளி புள்ளியான டைல்ஸ் தரையில் விழுந்த குண்டூசி கண்ணுக்குத் தெரியாது. ஒரு காந்தத்தைக் குச்சியின் நுனியில் கட்டி, விளக்கணைக்கும் முன் மெஷினைச் சுற்றியும் கட்டிலுக்கடியிலும் ஒருமுறை தடவிவிடுங்கள்.