நுரை பொங்கினால் மூடியை இறுக்காதீர்கள்

கேள்வி: ஜெர்மானியப் பாணிக் கோதுமை பியர் ஒன்றை வீட்டிலேயே தயாரிக்கிறேன். 23 லிட்டர் கண்ணாடிக் குடுவையில் 21 லிட்டர் மால்ட் (முளைகட்டி உலர்த்திய தானிய) சாற்றை நிரப்பி ஈஸ்ட் சேர்த்தேன். மறுநாள் காலையில் ஏர்லாக் (வாயுவை வெளியே விட்டு, காற்றை உள்ளே விடாத சிறு அடைப்பு) வழியாக நுரை பொங்கி, தரையெல்லாம் வழிந்திருந்தது. இப்போது குமிழி வருவதும் நின்றுவிட்டது. பியர் கெட்டுவிட்டதா? மூடியை இறுக்கிக் கட்டிவிடலாமா?
– வாசகர், லண்டன்

பதில்: பியர் கெடவில்லை. ஆனால் மூடியை ஒருபோதும் இறுக்கிக் கட்டாதீர்கள். பொங்கிய வேகத்திலேயே குமிழி நின்றுபோனால் நொதித்தல் முடிந்துவிட்டது என்று பொருள் இல்லை. நுரையோடு மேலேறிய ஹாப்ஸ் (பியருக்குக் கசப்பு தரும் பூ) துகளும் பிசுபிசுப்பான புரதமும் ஏர்லாக்கின் குறுகலான துளையை அடைத்திருக்கும். இந்த அளவு பியர் நொதித்து முடிவதற்குள் சில நூறு லிட்டர் கரியமில வாயு வெளியேற வேண்டும். அதற்கு வழியில்லாவிட்டால் மூடி பறக்கும், இல்லையேல் கண்ணாடி வெடிக்கும். இரண்டாவதுதான் எனக்குப் பெரும் கவலை.

ஆகவே, குடுவையின் வாயை ஒரு தடித்த துணியால் மூடி, முகத்தை விலக்கிக்கொண்டு, அடைப்பானை மெல்ல மெல்லத் தளர்த்தி, உள்ளே தேங்கிய அழுத்தத்தை முதலில் வெளியேற்றுங்கள். பிறகு ஏர்லாக்குக்குப் பதிலாக, கிருமிநீக்கம் செய்த அகலமான குழாய் ஒன்றைக் குடுவையின் வாயில் பொருத்தி, அதன் மறுமுனையைக் கிருமிநாசினி கலந்த நீர் பாதியளவு உள்ள ஜாடியில் அமிழ்த்துங்கள். குழாய் இரண்டரை சென்டிமீட்டர் விட்டத்தில் இருந்தால் எவ்வளவு நுரையையும் அடைபடாமல் வெளியேற்றிவிடும். ஜாடியைக் குடுவையைவிடத் தாழ்வாக வைப்பது அவசியம்; இல்லையெனில் குடுவை குளிரும்போது அந்த நீர் பியருக்குள் உறிஞ்சப்படலாம். நுரையின் வேகம் இரண்டு மூன்று நாட்களில் தணிந்ததும் பழைய ஏர்லாக்கைக் கழுவி மாட்டிக்கொள்ளலாம்.

இனி வெப்பத்தைப் பார்ப்போம். சித்திரை வெயிலில் இட்லி மாவு பாத்திரத்தை மீறிப் பொங்குவதைப் போலவே இதுவும் சூட்டினால் வேகமெடுக்கிறது. அதோடு நொதித்தலே வெப்பத்தை உண்டாக்குவதால், உச்ச வேகத்தில் குடுவையின் உள்ளே அறையைவிடச் சில டிகிரி கூடியிருக்கும். கோதுமை பியருக்குரிய ஈஸ்ட் மிதமான சூட்டில் தரும் வாழைப்பழ மணம் இனியது என்றாலும், கட்டுமீறிச் சூடேறினால் தொண்டையை எரிக்கும் காரமான மதுவாடைதான் மிஞ்சும். எனவே அடுத்த முறை சாற்றை 17 அல்லது 18 டிகிரி செல்சியஸுக்குக் குளிர்வித்த பிறகே ஈஸ்ட் சேருங்கள். குடுவையைத் தண்ணீர்த் தொட்டியில் நிறுத்தி, உறையவைத்த தண்ணீர்ப் பாட்டில்களை மாற்றி மாற்றிப் போடுங்கள். உங்கள் குடுவையில் 17 லிட்டருக்கு மேல் நிரப்பவும் வேண்டாம். இந்த வகை ஈஸ்ட் நுரைப்பதில் பெயர் பெற்றது.

(பிரிட்டனில் சொந்தப் பயன்பாட்டுக்கு பியர் தயாரிக்க 1963 முதல் உரிமம் தேவையில்லை. தமிழ்நாட்டில் உரிமமின்றித் தயாரிப்பது சட்டப்படி குற்றம் என்பதை இங்குள்ள வாசகர்கள் கருத்தில் கொள்ள வேண்டும்.)

கேள்வி: நுரை அடங்கியவுடன் பாட்டிலில் அடைத்துவிடலாமா?
– அதே வாசகர்

பதில்: கூடாது. நுரை இறங்கிய பின்னும் சர்க்கரை மீந்திருக்கும். ஹைட்ரோமீட்டர் (திரவத்தின் அடர்த்தியைக் கொண்டு மீந்த சர்க்கரையை அறிய உதவும் கருவி) அளவு இரண்டு மூன்று நாட்கள் தொடர்ந்து மாறாமல் நின்றால் மட்டுமே அடையுங்கள். அவசரப்பட்டு அடைத்த பாட்டில்கள் அலமாரியிலேயே வெடித்துச் சிதறும்.