மார்மன் அண்டை வீட்டாரோடு விசுவாசத்தைப் பற்றிப் பேசுவது எப்படி?

அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் வசிக்கும் வாசகர் ஒருவர், தம் அண்டை வீட்டு மார்மன் குடும்பத்தார் (பிற்காலப் பரிசுத்தவான்களின் இயேசு கிறிஸ்து சபையைச் சேர்ந்தவர்கள்) தங்களையும் கிறிஸ்தவர்கள் என்றே சொல்வதாகவும், தம் சபையார் அதை மறுப்பதாகவும் எழுதி, மனத்தாங்கல் வராமல் இதை அவர்களோடு எங்கிருந்து பேசத் தொடங்கலாம் என்று கேட்கிறார்.

பலதார மணத்தையோ, காபியும் தேநீரும் குடிக்காத வழக்கத்தையோ முதலில் எடுக்காதீர்கள். பலதார மணத்தைக் கைவிடும் அறிவிப்பை அவர்களுடைய தலைமை 1890-லேயே வெளியிட்டுவிட்டது. இன்று அதில் ஈடுபடுகிறவர் அந்தச் சபையில் நீடிக்க முடியாது.

வேறுபாட்டின் வேர் கடவுளைப் பற்றிய போதனையில் இருக்கிறது. குமாரன் பிதாவோடு ஒரே தன்மையுடையவர் என்று கி.பி. 325-இல் நிசேயாவில் கூடிய திருச்சபை ஆயர்களின் சங்கத்தில் அறிக்கையிடப்பட்டதைக் கத்தோலிக்கரும் ஆர்த்தடாக்ஸ் சபையாரும் பெரும்பாலான புராட்டஸ்டண்டுகளும் ஏற்கிறார்கள். மார்மன்களோ பிதா, குமாரன், பரிசுத்த ஆவி மூவரும் நோக்கத்தில் ஒன்றுபட்ட, ஆனால் தனித்தனியான மூவர் என்றும், பிதாவுக்கும் மாம்சமும் எலும்புமான உடல் உண்டு என்றும் நம்புகிறார்கள். மனிதர் பிறப்பதற்கு முன்பே தேவனுடைய ஆவிப் பிள்ளைகளாக வாழ்ந்தவர்கள் என்றும், முடிவில் அவரைப்போல ஆகக்கூடியவர்கள் என்றும் அவர்கள் சொல்லும்போது, படைத்தவருக்கும் படைக்கப்பட்டவருக்கும் நடுவே மற்றச் சபைகள் வைத்திருக்கும் எல்லையே இடம் மாறிவிடுகிறது. என் கணிப்பில், மற்ற எல்லா வாதங்களையும்விட இதுவே கனமானது.

அடுத்தது அதிகாரம் பற்றியது. அப்போஸ்தலர்களுக்குப் பின், தேவனுடைய பெயரால் ஞானஸ்நானம் போன்றவற்றை நடத்தும் ஆசாரியத்துவ அதிகாரம் பூமியிலிருந்து எடுபட்டுப்போனது என்றும், தங்கள் சபையை நிறுவிய ஜோசப் ஸ்மித் வழியாக அது திரும்ப அளிக்கப்பட்டது என்றும் நம்புவதால்தான், நியூயார்க் மாநிலத்தில் 1830-இல் தொடங்கிய அந்தச் சபை தன்னை மற்றொரு சீர்திருத்தப் பிரிவாகக் கருதுவதில்லை. வேதாகமத்தோடு மார்மன் புஸ்தகம் உள்ளிட்ட வேறு மூன்று நூல்களையும் வேதமாக ஏற்பது இதன் தொடர்ச்சியே. அவர்களுடைய ஞானஸ்நானம் செல்லாது என்று வத்திக்கான் 2001-இல் அறிவித்தது. அவர்களும் பிற சபைகளிலிருந்து வருகிறவர்களுக்கு மீண்டும் ஞானஸ்நானம் கொடுக்கிறார்கள். ஆகவே, "நீங்கள் கிறிஸ்தவர்களே அல்ல" என்று தொடங்குவதைவிட, "ஒருவர் ஞானஸ்நானத்தை மற்றவர் ஏன் ஏற்பதில்லை?" என்று கேட்பது நேர்மையானது, அந்தக் கேள்வி இரு தரப்பையும் சமமாக நிறுத்துகிறது.

கிருபையைப் பற்றிய பேச்சில் எச்சரிக்கை தேவை. அவர்கள் கிரியைகளை மட்டுமே நம்புகிறார்கள் என்பது சரியல்ல. நம்மால் இயன்ற அனைத்தையும் செய்த பிறகு கிருபையாலேயே இரட்சிக்கப்படுகிறோம் என்று மார்மன் புஸ்தகம் சொல்கிறது. கிருபையினாலே விசுவாசத்தைக்கொண்டு இரட்சிக்கப்பட்டீர்கள் என்னும் எபேசியர் 2:8-ஐ அருகில் வைத்து, இரண்டையும் எப்படிப் பொருத்துகிறார்கள் என்று அவர்களையே விளக்கச் சொல்லுங்கள். மரித்தவர்களுக்காக உயிரோடிருப்போர் பெறும் ஞானஸ்நானத்திற்கு அவர்கள் 1 கொரிந்தியர் 15:29-ஐக் காட்டுவார்கள். மரித்தவர் அதை ஏற்கவோ மறுக்கவோ முடியும் என்பதும் அவர்களுடைய போதனை என்பதை அறிந்துகொண்டு பேசுங்கள். 2018 முதல் 'மார்மன்' என்ற பட்டப்பெயரைத் தவிர்த்து, பிற்காலப் பரிசுத்தவான்களின் இயேசு கிறிஸ்து சபை என்ற முழுப் பெயரால் தங்களைக் குறிப்பிடும்படி அவர்களுடைய தலைமை கேட்டு வருகிறது.

அந்த வீட்டுப் பிள்ளைக்கு எட்டு வயதில் ஞானஸ்நானம் கொடுக்கும்போது அழைத்தால், தயங்காமல் போகலாம். ஞாயிறு ஆராதனையில் அப்பமும் தண்ணீரும் வரும்போது, எடுத்துக்கொள்ளாமல் அடுத்தவரிடம் தட்டை நகர்த்தினால் யாரும் தவறாக நினைக்கமாட்டார்கள். ஞாயிறு ஆராதனை நடக்கும் கட்டடத்திலிருந்து வேறான அவர்களுடைய ஆலயத்தில் நடக்கும் திருமணத்திற்கு மட்டும், அனுமதிச் சான்று பெற்ற உறுப்பினர்களே உள்ளே செல்ல முடியும் என்பதால், அதற்கு அழைப்பு வராததை அவமதிப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.