ஸ்கார்பரோ போன கூட்டாளி பதில் போடாட்டி

அவன் உங்களில கோவமா இருக்க வாய்ப்புக் குறைவு தம்பி. "கேஸ் என்னாச்சு?" எண்டு அவன்ட அகதி விண்ணப்பத்தப் பற்றிக் கேக்கிறத மட்டும் நிப்பாட்டிப் பாருங்க. கல்லடியில ஒண்டாப் படிச்சவன், கனடாவில ஸ்கார்பரோ போய் மூணு மாசமா நீல டிக் மட்டும் விழுது எண்டு எழுதியிருக்கீங்க. நீங்க இங்க போட்டுக் காட்டின அஞ்சு மெசேஜில நாலு அதே கேள்வி.

அகதி விண்ணப்பத்துக்கு விசாரணை முடியும்வரைக்கும் அவனுக்கே மறுமொழி தெரியாது. வீட்டில "வெளிய கதைக்காத" எண்டும் சொல்லியிருப்பாங்க. பள்ளிக்கூடம் போகலாம், ஒன்டாரியோவில 18 வயசுக்குக் கீழ உள்ள பிள்ளையை விசா இல்லையெண்டு தடுக்க ஏலாது. ஆனா பக்கத்து மேசைச் சோமாலியாப் பொடியனோட சிரிச்சுப் பழகத் தொடங்கக்குள்ளயே, "அடுத்த வருசம் இங்க இருப்பமா?" எண்ட யோசனை. நானும் 16 வயசில அப்படித்தான். ஊர்க் கூட்டாளிக்குப் பொய் சொல்ல மனமில்லாமப் பேசாம விட்டன். (அவன் இண்டைக்கும் சொல்லிக் காட்டுவான்.)

நேரத்தையும் பாருங்க. நம்மட இரவு 8 மணி, அங்க காலமை 10.30, பனிக்காலமெண்டா 9.30. வகுப்பு நேரம். நீங்க காலமை 6.30க்குப் போடுங்க, அவனுக்கு இரவு. பதில் தேவைப்படாத ஒண்டு: மட்டக்களப்பு வெபர் மைதானத்து மேட்ச் பற்றி 30 செக்கன் வொயிஸ். ரெண்டு கிழமை பாருங்க.

ஒண்டு மட்டும். வாழப் பிடிக்கல்ல எண்டு அவன் எப்பயாவது எழுதினா ரகசியம் காக்காதீங்க. அவன்ட அம்மாக்கு உடனே சொல்லுங்க. கனடாவுக்குள்ள தற்கொலைத் தடுப்பு உதவி எண் 988க்கு எந்த நேரமும் எடுக்கலாம்.